ஜப்பானியக் கோயில் சொற்கள்: வாசலிலிருந்து உள்ளே போகும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய மொழி படிக்கிறவர்களும் சரி, ஜப்பானுக்குப் பயணம் போகிறவர்களும் சரி, சீக்கிரமே திணறிப்போகும் இடம் ஒன்று உண்டு. ஜின்ஜா, ஜிங்கூ, தைஷா, தெரா, இன், தோ, தென், காகு என்று வரிசையாக வரும் சொற்கள்தான் அது. எல்லாவற்றுக்கும் 'கோயில்' என்று பொருள் எழுதிக்கொண்டு போய்விடலாம். ஆனால் அப்படிப் போனால் பெயர்ப்பலகையில் இருக்கும் செய்தியில் பாதி கைவிட்டுப் போய்விடும்.

ஜப்பானில் வழிபாட்டுக் கட்டடங்களின் பெயர்கள் சும்மா வைத்தவை அல்ல. பெயரின் கடைசியில் நிற்கும் அசையே அது எந்த மதத்தின் இடம், எந்தத் தகுதியுடையது, அந்த வளாகத்துக்குள் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடும். அங்கே கைதட்டிக் கும்பிட வேண்டுமா, கைகூப்பி நின்றால் போதுமா என்பதுகூட அதிலிருந்தே தெரியும். அதனால் இந்தச் சொற்களை அகரவரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நடந்து போகும் வரிசையில் படியுங்கள். வாசலில் தொடங்கி, உள்ளே போகப் போக ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்: தமிழ் எழுத்தில் ஒரு எச்சரிக்கை

ஜப்பானிய மொழியில் வல்லின ஒலியும் அதன் மெல்லொலியும் வேறு வேறு எழுத்துகள். தமிழில் 'தங்கம்' என்பதன் முதல் த-வும் 'பந்தம்' என்பதன் த-வும் ஒரே எழுத்துதான். இதனால் ஒரு சிக்கல் வருகிறது. மண்டபத்தைக் குறிக்கும் 'தோ', தூபியைக் குறிக்கும் 'தோ' இரண்டும் தமிழில் ஒன்றுபோலத் தெரியும். மண்டபத்துக்குப் பந்தத்தின் த, தூபிக்குத் தங்கத்தின் த. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வசதியும் உண்டு. 'தெரா' என்ற சொல் தனியாக வரும்போது தங்கத்தின் த. 'கியோமிஸு' என்ற பெயரோடு சேரும்போது கியோமிஸுதெரா என்று மெலிந்துவிடும். சொல்லின் நடுவில் வரும் த-வை மெலிதாகச் சொல்வது நமக்குப் பிறந்ததிலிருந்து வரும் பழக்கம். மற்ற மொழிக்காரர்கள் விதியாகப் படிப்பது நம் வாயில் தானாக வந்துவிடுகிறது.

படி 1: ஜின்ஜாவா, தெராவா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். ஜின்ஜா என்பது ஷின்தோ மதத்தின் இடம். அங்கே இருப்பது காமி, அதாவது ஜப்பானின் தொன்மையான தெய்வங்கள். தெரா என்பது புத்த ஆலயம். பேச்சில் மரியாதையாக 'ஒதெரா' என்பார்கள்.

தெராவைக் குறிக்கும் எழுத்துக்கு இன்னொரு வாசிப்பு 'ஜி'. பெரும்பாலான புத்த ஆலயப் பெயர்கள் இந்த ஜி-யில்தான் முடியும்: நாராவின் தோதைஜி, கியோத்தோவின் ரியோஅன்ஜி, டோக்கியோவின் ஸென்ஸோஜி. தெரா என்று முடிபவை குறைவு. 'இன்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் புத்த இடமே. உஜியில் இருக்கும் பியோதோஇன் நல்ல எடுத்துக்காட்டு. அதன் பீனிக்ஸ் மண்டபம் 1053-இல் கட்டப்பட்டது. 10 யென் நாணயத்தின் ஒரு பக்கத்தில் அச்சாகியிருப்பது அந்த மண்டபம்தான். 'அன்' என்று முடிந்தால் சிறு துறவிக் குடில் போன்ற ஆலயம்.

வரைபடத்தில் இது இன்னும் சுலபம். ஜின்ஜாவுக்கு வாயில் வடிவக் குறி, தெராவுக்கு ஸ்வஸ்திகா குறி. அந்தக் குறிக்கு 'மான்ஜி' என்று பெயர்.

இந்த முதல் படியைச் சரியாக வைத்தால் கும்பிடும் முறையும் சரியாகிவிடும். ஜின்ஜாவில் பொதுவாக இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிவார்கள். இஸுமோ தைஷாவில் நான்கு முறை கைதட்டுவது வழக்கம். தெராவில் கைதட்டக் கூடாது, ஓசையில்லாமல் கைகூப்பினால் போதும்.

சரி, சில இடங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றனவே என்று கேட்கலாம். ஆமாம், ஸென்ஸோஜியின் பக்கத்திலேயே அஸாகுஸா ஜின்ஜா இருக்கிறது. நிக்கோ தோஷோகூ ஜின்ஜாதான், ஆனால் அங்கே ஐந்தடுக்குப் புத்தத் தூபி நிற்கிறது. பல நூற்றாண்டுகள் இரண்டு மதங்களும் ஒரே வளாகத்தில்தான் வாழ்ந்தன. 1868-இல் மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி ஆணையிட்டது. இந்தப் பிரிப்புக்கு 'ஷின்புட்சு புன்ரி' என்று பெயர். அந்த ஆணைக்குப் பிறகும் பல இடங்களில் பழைய கட்டடங்கள் அப்படியே நின்றுவிட்டன. அதனால் வளாகத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்து முடிவு செய்யாமல் பெயரின் முடிவைப் பாருங்கள்.

படி 2: ஜின்ஜாவின் பட்டங்கள்

எல்லா ஜின்ஜாவும் ஜின்ஜா என்றே முடிவதில்லை. பெயரின் முடிவு இங்கே ஒரு பட்டம்.

'ஜிங்கூ' என்றால் அரச மரபோடு தொடர்புடைய உயர்ந்த இடம். மெய்ஜி பேரரசருக்காக 1920-இல் எழுப்பப்பட்ட மெய்ஜி ஜிங்கூ, கியோத்தோவில் 1895-இல் வந்த ஹெயான் ஜிங்கூ இரண்டும் இப்படி. இஸே நகரில் இருக்கும் பெருங்கோயிலுக்கு முறையான பெயர் வெறும் 'ஜிங்கூ'. ஊர்ப்பெயர்கூட முன்னால் தேவையில்லை என்னும் அளவுக்கு அது முதன்மையானது.

'தைஷா' என்பது பெரிய ஜின்ஜா. இஸுமோ தைஷா, நாராவின் காஸுகா தைஷா, கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி தைஷா ஆகியவை அந்த வகை.

'கூ' என்று மட்டும் முடிந்தால் அதற்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் தெய்வத்தின் அடையாளம். தென்மங்கூ என்றால் கல்விக்குரிய தெய்வமாக வணங்கப்படும் சுகவாரா நோ மிச்சிஸானேயின் இடம். தேர்வுக்காலத்தில் மாணவர்கள் கூடும் தாஸைஃபு தென்மங்கூ அப்படிப்பட்டது. ஹாச்சிமங்கூ என்றால் வீரர்களின் தெய்வமான ஹாச்சிமன். தோஷோகூ என்றால் ஷோகன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், தொகுகாவா இயெயாசு. ஒரே பெயர் பல ஊர்களில் வருவதால் குழம்ப வேண்டாம். ஊர்ப்பெயர் இடத்தைச் சொல்லும், பின்னொட்டு தெய்வத்தைச் சொல்லும்.

தெருமுனையில், வயல்வரப்பில் நிற்கும் சின்னஞ்சிறு மாடக்கோயிலுக்கு 'ஹொகொரா'. வீட்டுக்குள் உயரத்தில் மாட்டியிருக்கும் ஷின்தோ சாமி மாடம் 'காமிதானா'. புத்தருக்கும் முன்னோருக்கும் உரிய அலமாரி வடிவப் பூசைமாடம் 'புட்சுதான்'. பல வீடுகளில் இரண்டுமே இருக்கும்.

படி 3: தொரீ முதல் ஹொந்தென் வரை

இனி ஒரு ஜின்ஜாவுக்குள் நடக்கலாம். முதலில் 'தொரீ', அதாவது கதவில்லாத வாயில். மியாஜிமாவில் இட்சுகுஷிமா ஜின்ஜாவின் முன்னால் கடலுக்குள் நிற்கிறதே, அந்தப் பெரிய தொரீ 1875-இல் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 16 மீட்டர், முதன்மைத் தூண்கள் கற்பூர மரத்தால் ஆனவை. ஃபுஷிமி இனாரியில் அடுக்கடுக்காக நிற்கும் செந்நிற வாயில்களுக்கு 'ஸென்போன் தொரீ' என்று பெயர். ஆயிரம் தொரீ என்று பொருள். அவை வேண்டுதலுக்காகவும் நன்றிக்காகவும் பக்தர்கள் நிறுத்தியவை. பின்பக்கம் கொடையாளர் பெயரும் நாளும் செதுக்கியிருக்கும். திரும்பி வரும்போது வாசித்துப் பாருங்கள், எழுத்துப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

தொரீயைத் தாண்டினால் 'ஸந்தோ', கோயிலுக்குப் போகும் பாதை. அதன் நடுப்பகுதி தெய்வம் நடக்கும் வழி என்பதால் ஓரமாக நடப்பது மரியாதை. இருபுறமும் 'கொமாஇனு' என்னும் காவல் விலங்குகள். அவற்றின் வாயைக் கவனியுங்கள். ஒன்று 'அ' என்று திறந்திருக்கும், மற்றது 'உன்' என்று மூடியிருக்கும். சமஸ்கிருத ஒலி வரிசையின் தொடக்கமும் முடிவுமாக இவை புத்த மதம் வழியே ஜப்பானுக்கு வந்து சேர்ந்தன. இரண்டு பேர் பேசிக்கொள்ளாமலே ஒத்து வேலை செய்வதை ஜப்பானியர் இன்றும் 'அஉன் நோ கொக்யூ' என்பார்கள். அ-வும் உன்-னும் சேர்ந்து விடும் மூச்சு அது.

அடுத்து 'தெமிஸுயா', கை கழுவும் மண்டபம். 'சோஸுயா' என்றும் வாசிப்பார்கள். அகப்பையில் நீர் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு இடது உள்ளங்கையில் நீர் விட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையை நேராக வாயில் வைக்கக் கூடாது. கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் காம்பு வழியாக வழிந்து, அடுத்தவருக்காகப் பிடியையும் கழுவிவிடும்.

இப்போது முக்கியமான மூன்று சொற்கள். நாம் நின்று கும்பிடும் முன் மண்டபம் 'ஹைதென்'. காணிக்கை படைக்கும் நடுமண்டபம் 'ஹெய்தென்'. தெய்வம் உறையும் கருவறைக் கட்டடம் 'ஹொந்தென்'. மூன்றின் முடிவும் 'தென்'. அது பெருமைக்குரிய மாளிகை அல்லது மண்டபம். பக்தர்கள் ஹைதெனோடு நின்றுவிடுவார்கள். ஹொந்தெனுக்குள் இருக்கும் 'ஷின்தாய்' என்னும் புனிதப் பொருளை யாருக்கும் காட்டுவதில்லை. தரிசனம் என்ற எண்ணத்தோடு போகும் நமக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். நாராவின் ஓமிவா ஜின்ஜாவில் ஹொந்தெனே கிடையாது. மிவா மலையே தெய்வம் என்பதால் ஹைதெனில் நின்று மலையை நோக்கிக் கும்பிடுகிறார்கள்.

கூரையையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். பழைய பாணி ஹொந்தெனின் முகட்டில் கொம்புபோல் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் மரங்கள் 'சிகி'. முகட்டின்மேல் வரிசையாகக் கிடக்கும் உருட்டு மரங்கள் 'காட்சுஓகி'. சிகியின் நுனி கிடையாக வெட்டியிருந்தால் பெண் தெய்வம், செங்குத்தாக இருந்தால் ஆண் தெய்வம் என்று வழிகாட்டிகள் பலர் சொல்வார்கள். இதை அப்படியே நம்ப வேண்டாம். இஸேயின் வெளிக்கோயிலில் உறையும் தொயொஉகே பெண் தெய்வம், ஆனால் அங்கே சிகி செங்குத்தாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

இஸே என்றதும் சேர்த்துப் படிக்க வேண்டிய சொல் 'ஷிகினென் ஸெங்கூ'. 20 ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்யும் சடங்கு இது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை, அடுத்தது 2033-இல். கட்டடம் புதிது, கட்டும் கலை பழையது. ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குக் கையால் தொட்டுக் கற்றுக்கொடுக்க இந்த 20 ஆண்டு இடைவெளி கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே இஸேவுக்குப் போகலாம் என்பேன்.

படி 4: புத்த ஆலய வளாகம்

வளாகம் முழுவதற்கும் 'கரான்' என்று பெயர். துறவியர் சோலை என்னும் பொருளுள்ள 'சங்காராமம்' என்ற சமஸ்கிருதச் சொல் சீனம் வழியாகச் சுருங்கி வந்தது இது.

வாசல் இங்கே தொரீ அல்ல, 'மோன்'. முதன்மை வாயிலை 'ஸன்மோன்' என்பார்கள், மலைவாயில் என்று பொருள். சமவெளியில் இருக்கும் ஆலயத்துக்கும் மலைப்பெயர் ஒன்று உண்டு என்பதால் இந்தப் பெயர். டோக்கியோ நகர நடுவில் இருக்கும் ஸென்ஸோஜிக்குக்கூட 'கின்ரியூஸான்', அதாவது பொன்நாக மலை என்று பெயர். இரண்டு காவல் வீரர்கள் நின்றால் அது 'நிஓமோன்'. தோதைஜியின் தெற்குப் பெருவாயில் 'நந்தைமோன்'. அங்கே நிற்கும் 8 மீட்டருக்கு மேல் உயரமான மரச்சிலைகளை உன்கெய், காய்கெய் ஆகிய சிற்பிகளின் குழு 1203-இல் செய்தது. அவற்றிலும் ஒன்றின் வாய் திறந்திருக்கும், மற்றதன் வாய் மூடியிருக்கும்.

உள்ளே மூல மண்டபத்தின் பெயர் மரபுக்கு மரபு மாறும். பழைய நாரா ஆலயங்களில் 'கொந்தோ', பொன் மண்டபம். பொதுவாக மற்ற இடங்களில் 'ஹொந்தோ'. தியானத்தை முதன்மையாகக் கொண்ட ஸென் பிரிவின் மடங்களில் 'புட்சுதென்'. ஷின்தோவின் ஹொந்தென், புத்தத்தின் ஹொந்தோ என்ற இந்த இரட்டையில் பலர் தடுமாறுகிறார்கள். ஹொந்தென் மூடியிருக்கும், ஹொந்தோவுக்குள் பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

போதனை மண்டபம் 'கோதோ', ஸென் மடங்களில் அதுவே 'ஹாத்தோ'. சுவடி வைக்கும் இடம் 'கியோஸோ'. தலைமைத் துறவி வாழ்ந்த இடம் 'ஹோஜோ'. ரியோஅன்ஜியின் புகழ்பெற்ற கல்தோட்டம் ஹோஜோவின் முன்னால்தான் இருக்கிறது. மடைப்பள்ளி 'குரி'. மணிமண்டபம் 'ஷோரோ'. அங்கே மணிக்கு உள்ளே நாக்கு கிடையாது. தொங்கும் மரக்கட்டையை வெளியிலிருந்து ஆட்டி அடிப்பார்கள். ஆண்டின் கடைசி இரவில் 108 முறை அடிப்பதற்கு 'ஜோயா நோ கானே' என்று பெயர்.

படி 5: மண்டபமா, தூபியா?

தொடக்கத்தில் சொன்ன இரண்டு 'தோ'க்களுக்கு வருவோம். மெலிந்த தோ மண்டபம். வலிந்த தோ தூபி. ஐந்தடுக்குத் தூபிக்கு 'கோஜூ நோ தோ', மூன்றடுக்குக்கு 'ஸன்ஜூ நோ தோ'.

தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் 'கோபுரம்' என்று பெயர்க்கிறார்கள். வேண்டாம் என்பேன். நமக்குக் கோபுரம் என்றால் வாயிலின் மேல் எழுவது. ஜப்பானியத் தோ வாயிலில் இல்லை, அதன் வேலையும் வேறு. புத்தரின் புனித எச்சங்களைக் காப்பதற்காக இந்தியாவில் எழுந்த ஸ்தூபமே 'ஸொதொபா' என்றாகி, சுருங்கித் 'தோ' ஆனது. தூபி என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது அதையே எடுத்துக்கொள்ளலாம். கல்லறைகளின் பின்னால் நட்டிருக்கும் நீண்ட மரப்பட்டைக்கும் இன்றுவரை ஸொதொபா என்றுதான் பெயர்.

ஹோரியூஜியின் ஐந்தடுக்குத் தூபி ஏறக்குறைய 32 மீட்டர், உலகில் இன்று நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் ஒன்று. கியோத்தோவின் தோஜியில் 1644-இல் மறுபடி எழுந்த தூபி ஏறக்குறைய 55 மீட்டர், ஜப்பானின் மரத்தூபிகளில் அதுவே மிக உயரம். நடுவில் நிற்கும் ஒற்றைத் தூண் 'ஷின்பாஷிரா'. 634 மீட்டர் உயர டோக்கியோ ஸ்கைட்ரீயின் நடுத்தூணுக்கும் இந்தப் பெயரையே வைத்தார்கள்.

படி 6: நமக்குத் தெரிந்த தேவர்கள்

மெலிந்த தோ-வுக்கு முன்னால் தெய்வப் பெயர் வந்தால் அது அந்தத் தெய்வத்தின் மண்டபம். கன்னோன்தோ, ஜிஸோதோ, யாகுஷிதோ என்று நூற்றுக்கணக்கில் உண்டு. இவற்றில் சில நமக்கு நெருக்கமானவை. டோக்கியோ உஎனோவின் ஷினோபாஸு குளத்து நடுவில் இருக்கும் பென்தென்தோ சரஸ்வதிக்கு உரியது, அங்கே அவள் பெயர் பென்ஸைதென். என்மாதோ யமனுக்கு உரியது. தைஷாகுதென் என்றால் இந்திரன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அஸாகுஸாவில் மாட்சுசியாமா ஷோதென் என்று ஒரு இடம் உண்டு. ஹைதென், ஹொந்தென் படித்த பழக்கத்தில் இந்தத் தென்-னையும் மண்டபம் என்று நினைத்துவிடுவோம். இது வேறு எழுத்து, இதற்குத் 'தேவர்' என்று பொருள். ஷோதென் என்பவர் விநாயகரின் ஜப்பானிய வடிவம். அவருக்கு அங்கே முள்ளங்கி படைக்கிறார்கள்.

தோதைஜியின் பெரிய புத்தர் இருக்கும் மண்டபம் 'தைபுட்சுதென்'. இதில் உள்ள தென் மண்டபம்தான். 752-இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியத் துறவி போதிசேனர். இன்று நிற்கும் மண்டபம் 1709-இல் முடிந்தது, அகலம் 57 மீட்டர். பழைய மண்டபம் இதைவிட அகலமாக இருந்தது.

படி 7: சடங்குக்காகவே எழுந்தவை

அரச சடங்குச் சொற்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'தைஜோகியூ'. புதிய பேரரசர் பட்டமேற்ற பின் முதல் அறுவடையைத் தெய்வங்களுக்குப் படைக்கும் தைஜோஸாய் சடங்குக்காக மட்டும் எழும் தற்காலிக வளாகம் அது. உள்ளே 'யுகிதென்', 'சுகிதென்' என்று இரண்டு மண்டபங்கள். பேரரசர் நருஹிதோவுக்காக 2019 நவம்பரில் இவை டோக்கியோ அரண்மனைத் தோட்டத்தில் எழுந்தன. சடங்கு முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். கியோத்தோ அரண்மனையின் 'ஷிஷிந்தென்' பட்டமேற்பு மண்டபம். 1915, 1928 பட்டமேற்புகள் அங்கே நடந்தன. 'தகாமிகுரா' என்பது அரியணை மேடை.

சுமோ அரங்கிலும் இந்தச் சொற்கள் கைகொடுக்கும். மல்யுத்த மேடை 'தோஹியோ'. அதற்கு மேலே ஜின்ஜா பாணிக் கூரை ஒன்று கம்பிகளில் தொங்கும். அது 'ட்சுரியானே', தொங்குகூரை. 1952 வரை நான்கு தூண்கள் அதைத் தாங்கின. பார்வைக்கு மறைக்கிறது என்று தூண்களை எடுத்துவிட்டு, நான்கு மூலையிலும் நிறக்குஞ்சம் தொங்கவிட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக: கிறிஸ்தவத் தேவாலயம் 'கியோகாய்'. பழைய கத்தோலிக்கத் தேவாலயங்களின் பெயரில் 'தென்ஷுதோ' வரும், விண்ணகத் தலைவரின் மண்டபம் என்று பொருள். நாகஸாகியின் ஓஉரா தென்ஷுதோ 1864-இல் கட்டி முடிந்தது. தலைமுறை தலைமுறையாக மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் 1865-இல் அங்கேதான் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். மசூதி 'மொசுகு'. ஜப்பானின் முதல் மசூதி கோபே நகரில் 1935-இல் வந்தது. திருமண மண்டபம் 'கெக்கொன்ஷிகிஜோ'. இறுதிச் சடங்கு மண்டபம் 'ஸோகிஜோ' அல்லது 'ஸாய்ஜோ'.

படி 8: பயிற்சி

படித்ததைக் கையில் வைத்துக்கொள்ள நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: 'கொஷுஇன்சோ'. முத்திரை வாங்கும் மடிப்புப் புத்தகம் அது. ஜின்ஜாவில் 'ஷாமுஷோ' என்னும் அலுவலகத்தில், தெராவில் 'நோகியோஷோ'வில் நீட்டினால், தூரிகையால் எழுதிச் செந்நிற முத்திரை குத்திக் கொடுப்பார்கள். கட்டணம் பெரும்பாலும் 300 முதல் 500 யென். முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு வாங்குவதுதான் முறை. கேட்பதற்கு 'கொஷுஇன் ஓ ஒனெகாய் ஷிமாசு' என்றால் போதும்.

வலப்பக்கம் 'ஹோஹாய்' என்றும் நாளும் இருக்கும், பணிந்து வணங்கினேன் என்று பொருள். நடுவில் பெரிதாகத் தெய்வத்தின் பெயரோ மண்டபத்தின் பெயரோ வரும். தெராவில் இடப்பக்கம் ஆலயத்தின் பெயர். அறைக்குத் திரும்பியதும் அந்தக் கடைசி எழுத்தை மட்டும் தேடிப் படியுங்கள்: ஜி, தெரா, இன், கூ, ஷா, தோ, தென். கியோமிஸுதெராவின் மூல மண்டபத்தில் வாங்கினால் நடுவில் 'தைஹிகாகு' என்று இருக்கும், பெருங்கருணை மாடம் என்று பொருள். முடிவில் நிற்கும் 'காகு' மாடமாளிகை. கின்காகுஜி என்ற பெயரின் நடுவில் இருப்பதும் இதே காகுதான். பொன்மாடம் இருக்கும் ஆலயம் என்பதால் மக்கள் வைத்த பெயர் அது, முறையான பெயர் ரோகுஓன்ஜி.